ஆறாவது அளவு

மாலை நாலு இருபது. ஜன்னல் வெளிச்சம் போவதற்குள் இன்னும் கொஞ்சம் படித்துவிடப் பார்க்கிறாள் அக்கா. பார்வை போகக் கண் டாக்டர் சொன்ன கெடு மூன்று மாதம்; நாவலில் பாதி பாக்கி. தடித்த புத்தகம் மடியில் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் எழுத்தெல்லாம் அவளுக்கு எறும்பாகிவிட்டது. தம்பி ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பவன். அதே நாவலை ஏற்றி அவன் வாங்கி வந்த மின்னூல் கருவியை மூக்கருகே பிடித்திருக்கிறாள். "ஆயிரம் புத்தகம் இதுல அடங்கும்க்கா. கனமே இல்ல பாரு." "ஆயிரம் எதுக்குடா? இந்த ஒண்ண முடிச்சாப் போதும்." அவன் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானை அழுத்துகிறான். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சாம்பல் நிறத் திரை ஒருமுறை கறுத்து, யோசித்து, மெல்ல எழுத்தைக் காட்டுகிறது. ஐந்தாவது அளவில் ஒரு வாக்கியம் நிற்கிறது. ஆறாவதில் ஐந்தே சொற்கள். அதற்குமேல் கருவியில் அளவில்லை. அக்கா ஐந்தையும் தடவித் தடவிப் படித்துப் பக்கம் திருப்புகிறாள். திரை கறுத்துத் தெளிவதற்குள் முன்பு படித்தது நழுவிவிட, மறுபடி பின்னால் போகிறாள். திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. தம்பி மேசை விளக்கை இழுத்து வைக்கிறான், அவளுக்குக் கண் கூசுகிறது, தள்ளி வைக்கிறான். "நான் வாசிக்கட்டுமாக்கா?" "ஐயோ, வேண்டாம்டா. கதையில யார் செத்தாலும் உனக்கு ரெண்டாவது பிளாட்பாரம்தான்." இருவரும் சிரிக்கிறார்கள். அவன் கட்டைவிரல் அதே பொத்தானை இன்னொரு முறை அழுத்திப் பார்க்கிறது. எழுத்து அப்படியே நிற்கிறது. அக்கா கருவியை இமை தொடும்வரை நெருக்குகிறாள்.

"டேய், இன்னும் ஒரே ஒரு சுத்து பெருசாக்கேன்."