இன்னைக்கு யார் வர்றீங்க?

"இன்னைக்கு யார் வர்றீங்க?"

மாமனாரின் அறையிலிருந்து குரல் கேட்டது. காபியோடு போன மருமகள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அவரைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுபடி அவர் குரல்தான்.

"நீ நேத்துதானே வந்தே, இரு. சரி, நீ வாப்பா."

கதவிடுக்கில் பார்த்தாள். கட்டிலில் ஒரு துண்டு. அதன்மேல் வரிசையாக மடக்குக் கத்திகள். கொம்புப் பிடி, பித்தளைப் பிடி, மரப் பிடி என்று எல்லாமே பழசு. ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மற்றவற்றைத் துண்டால் போர்த்தினார், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி.

காபியை நீட்டும்போது கேட்டே விட்டாள்.

"மாமா, இத்தனை கத்தி எங்க வாங்கினீங்க?"

"வாங்கலம்மா. பாக்கெட்ல இருந்தது."

"யார் பாக்கெட்ல?"

"வேலை பார்த்த இடத்துல..." என்றவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "வேணாம்மா. கைக்குழந்தைக்காரி நீ, பயந்துக்குவே."

அவர் ஆயுசுக்கும் வேலை பார்த்தது ஆஸ்பத்திரிப் பிணவறையில்.

கணவனைக் குளியலறை வாசலிலேயே மடக்கினாள்.

"செத்தவங்க பாக்கெட்ல கையை விட்டிருக்காருங்க உங்கப்பா! எடுத்தது போதாதுன்னு அதுங்களோட பேச்சு வேற!"

"மெதுவா பேசு." அவன் முகத்தில் பாதி சோப்பு நுரை. "அப்பா அடுத்தவங்க பொருளைத் தொட மாட்டாரு."

"அப்ப அந்தக் கத்தியெல்லாம் தானா நடந்து வந்துச்சாக்கும்? பாப்பா தவழ ஆரம்பிச்சா முதல்ல அந்த ரூமுக்குத்தான் ஓடுது. ஒண்ணு அவர் இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எங்க சித்தப்பா ஒரு முதியோர் இல்லம் சொல்லியிருக்காரு."

"அவர் தினம் எங்க போறாருன்னுகூட நமக்குத் தெரியாது..."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

அவன் நுரையைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "சரி, இன்னைக்கு எனக்கு லீவு. பாப்பாவ நான் பாத்துக்கறேன். நீயே பின்னால போய்ப் பாரு. தப்பா ஏதாவது கண்ல பட்டா, சாயங்காலமே கொண்டு போய் விட்டுடறேன்."

செருப்பை மாட்டும்போதே மருமகள் மனசுக்குள் அவருடைய பெட்டியைக் கட்டி முடித்துவிட்டாள்.

அவர் போனது பஸ் நிலையத்துக்கு. ஆனால் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. கூட்டம் இறங்குகிற இடமாகப் பார்த்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் ஒரு ஆப்பிளை வைத்து, கத்தியை விரித்தார்.

"அந்தப் பெரியவர் இங்க அடிக்கடி வருவாரா?" டீக்கடைக்காரரிடம் மெல்ல விசாரித்தாள்.

"தெனம் வருவாருங்க. கத்தி மட்டும் மாறும்."

"யாருக்காக உக்காந்திருக்காரு?"

"நானும் கேட்டேன். 'யாரு வருவாங்கன்னு எனக்கே தெரியாதுப்பா'ன்னாரு. அதுக்கு மேல கேக்க எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

ஆப்பிளை நறுக்கினார். ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. கத்தியை மடக்கினார், விரித்தார். டக். டக். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நகர்ந்தார்கள். அவர் கண் மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் துழாவியது.

அவள் தூணுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவர் குனிந்து கத்தியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சவங்க யாராவது இறங்குறாங்களா? நல்லாப் பாருப்பா."

அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

"உடனே அந்த இல்லத்துக்குப் பேசுங்க. இனி ஒரு ராத்திரிகூட இவரோட ஒரே வீட்ல என்னால படுக்க முடியாது."

"டேய்!"

அலறல் கேட்டுத் திரும்பினாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு நடுத்தர வயதுப் பெண், கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து மாமனாரின் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"இது எங்கண்ணன் கத்தி! பிடி உடைஞ்சப்ப இந்தச் செப்புக் கம்பியைச் சுத்தினதே நான்தான்! சொல்லுடா, எங்கண்ணனை என்ன பண்ணே?"

நொடியில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் "கொலைகாரப் பாவி!" என்று கையை முறுக்கினார். இன்னொருவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"நீங்க இந்த ஆளோட வந்தவங்களா?" யாரோ மருமகளிடம் கேட்டார்கள்.

"ஐயையோ, யாருன்னே தெரியாதுங்க!"

மாமனார் அடியைத் தடுக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மருமகள் இதுவரை பார்த்ததே இல்லை.

"வந்துட்டியாம்மா!" என்றார். "ரோட்டுல விழுந்து கிடந்தாருன்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. பேரும் தெரியல, ஊரும் தெரியல. தேடி ஒருத்தரும் வரல. கத்தியைக் குப்பையில போடுன்னாங்க, எனக்கு மனசு வரல. இவரை மாதிரி இன்னும் சில பேர் எங்கிட்ட இருக்காங்கம்மா. தெனம் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து இங்க உக்காருவேன். வீட்டு மனுஷங்க யாராவது அடையாளம் கண்டுக்க மாட்டாங்களான்னு."

முறுக்கிய கைகள் விலகின. அந்தப் பெண்ணின் பிடியும் தளர்ந்தது. அவர் அவள் கையை எடுத்து மறுபடி தன் சட்டையிலேயே வைத்தார்.

"விட்டுடாதம்மா. இப்படியே பிடிச்சுக்கிட்டு வா, உங்கண்ணனைப் புதைச்ச இடத்தைக் காட்டுறேன்."