காய்க்கூடையில் ஒரு பழம்

புளியங்குடி எலுமிச்சை மண்டியில் டிவி அலறுகிறது. நம் தலைவர் வெளிநாட்டு அதிபரைக் கட்டியணைக்கிறார். "உலகமே இவரு கைக்குள்ள வருது, பாத்தியாலே!" என்று கமிஷன் கடை மந்திரமூர்த்தி கைதட்டுகிறார். "கட்டிப்பிடிச்சதுக்கா இம்புட்டுச் சத்தம், அண்ணாச்சி?" என்று சிரிக்கிறான் லாரி ஓட்டும் மாரிச்செல்வம். தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில் எலுமிச்சையைத் தரம் பிரிக்கும் செண்பகவல்லியின் கண் திரையிலேயே இருக்கிறது. அவள் கணவன் பேச்சிமுத்து அந்த அதிபரின் நாட்டுச் சிறையில் இருக்கிறான். எண்ணெய், ஆயுதம், விமானம் என்று ஒப்பந்தங்களை அடுக்குகிறாள் செய்தி வாசிக்கும் பெண். கைதிகளைப் பற்றி ஒரு சொல் வராதா என்று செண்பகவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். கிரிக்கெட் வந்துவிடுகிறது. "ஏட்டி, டெல்லி லோடு காய்க்கூடைல பழுத்ததைப் போடுதியே! போய்ச் சேருமுன்ன எல்லாம் அழுகிரும்லா!" என்று மந்திரமூர்த்தி கத்துகிறார். அவள் கை கூடைக்குள் பழத்தைத் துழாவுகிறது. கண் இன்னும் திரையை விட்டு வரவில்லை. அங்கே யாரோ ஒருவன் சிக்சர் அடிக்கிறான்.