எந்தப் படை உடுப்பு?

"நிஜப் பட்டாளத்து உடுப்பா, நாடகக் கம்பெனி உடுப்பா? நீங்கதான் சொல்லணும், ஹவில்தார் சார்" என்று போட்டோவை நீட்டினார் தாசில்தார்.

ஹவில்தாராக ஓய்வு பெற்ற சாரங்கபாணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எதிரியின் போட்டோவைப் பார்த்து, மறைந்திருப்பதற்காக உடுப்பில் அச்சடிக்கும் புள்ளியையும் வரியையும் வைத்தே அவன் எந்தப் படை என்று சொல்வதுதான் பட்டாளத்தில் அவருக்கு வேலையாக இருந்தது. அதில் அவர் தவறியதில்லை.

மேசைக்கு எதிரே தங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். புருஷன் அரசப்பன் அறுபத்தைந்தாம் வருஷப் பாகிஸ்தான் சண்டையில் செத்துப்போனவன். சர்க்கார் எடுத்த உபரி நிலத்தில் பட்டாளத்தான் குடும்பத்துக்கு முதல் ஏக்கர் என்று உத்தரவாகியிருந்தது. கூலித் தகராறில் குடிசையோடு அவளுடைய காகிதங்களெல்லாம் எரிந்துவிட்டன. திருவாரூர் மூஸா பாய் ஸ்டூடியோவில் நெகட்டிவ் கிடந்ததால், அரசப்பன் உடுப்போடு நிற்கும் இந்தப் போட்டோ ஒன்றுதான் மிச்சம். பட்டியல் இன்று சாயங்காலம் மூடுகிறது.

நிலம் போனது சாரங்கபாணியின் பெரியப்பா மகன் பஞ்சநதத்திடமிருந்து. அவரும் வந்து வாசலில் நின்று, பார்த்துச் சொல்லு என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

சாரங்கபாணிக்கு எரிச்சலாக வந்தது. உறவுக்காக ஒரு எழுத்துகூட மாற்றி எழுதுகிற ஆள் இல்லை அவர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பூதக்கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்த்தார். சட்டை முழுக்கத் திட்டுத் திட்டாகக் கறுப்பு.

"நம்ம பாராசூட் படை உடுப்புல வரி அகலமா இருக்கும். இது அது இல்லை. பாகிஸ்தான்காரனோடதும் இல்லை. துணியில அச்சடிச்சா ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரணும். இது தோள்ல பெருசா இருக்கு, கீழே போகப் போக வழிஞ்சாப்ல இருக்கு. உலகத்துல எந்தப் படைக்கும் இப்படி ஒரு உடுப்பு கிடையாது, சார்."

சொன்னதை அப்படியே எழுதியும் கொடுத்தார்.

"ஏம்மா, சர்க்காரையே ஏமாத்தப் பாத்தியா?" என்றார் தாசில்தார். பஞ்சநதம் சத்தமாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு சாரங்கபாணிக்குப் பிடிக்கவில்லை. "உண்மையைச் சொல்லிடும்மா. இந்தப் புள்ளி உடுப்பு ஏது?"

தங்கம்மாள் வாசலைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"உடுப்பு பச்சைதாங்க. எல்லாப் பட்டாளத்தானும் போடுற பச்சை."

"அப்போ இந்தப் புள்ளி?"

"லீவுல வந்தாருங்க. பஸ்ஸை விட்டு எறங்கி, பூட்ஸ் காலோட உங்க தெரு வழியா வந்துட்டாரு. கழட்டுடான்னாங்க. மாட்டேன்னாரு. சாணியைக் கரைச்சுத் தலையோட ஊத்திட்டாங்க."

சாரங்கபாணி போட்டோவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மூஞ்சியை மட்டும் தொடச்சுக்கிட்டு அடுத்த பஸ்ஸுல திருவாரூர் போனாரு. கழுவிட்டு வாங்க, அழகா எடுத்துத் தர்றேன்னாராம் மூஸா பாய். வேணாம், இப்படியே எடுங்கன்னு நின்னுருக்காரு. அதுக்கப்புறம் சண்டைக்குப் போனவருதாங்க."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் சாரங்கபாணி.

"உங்க தெருக்காரவுககிட்டயே எப்படிங்க சொல்றது?"

சாரங்கபாணி பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை புள்ளிகளை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தார். பெல்ட்டின் கொக்கி, பையின் மடிப்பு, பூட்ஸின் கயிறு. அவர் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் அதே உடுப்பு. அதைப் போட்டுக்கொண்டு, அதே பூட்ஸ் காலோடு, அதே வருஷப் பொங்கலுக்கு அவரும் அந்தத் தெருவில் நடந்து வந்தார். ஆரத்தி எடுத்து வாசலில் கொட்டினார்கள். அரசப்பனுக்கு நடந்தது இன்றுவரை அவர் காதுக்கு வரவில்லை. வந்திருந்தால் மட்டும் கேட்டிருப்பாரா என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சாரங்கா, யோசிச்சு எழுது" என்றார் பஞ்சநதம்.

சாரங்கபாணி அவர் பக்கம் திரும்பவில்லை. காகிதத்தைத் திரும்ப வாங்கி, முன்பு எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தாசில்தார் அதைப் படித்தார். பட்டியலை எடுத்து, தங்கம்மாள் பெயரை முதல் வரியில் எழுதினார்.

காகிதத்தில் இப்படி இருந்தது: "உடுப்பு இந்திய ராணுவத்துடையது. அதிலுள்ள புள்ளிகள் எங்கள் தெரு போட்டவை."