குறட்டை நின்ற இடம்

காலையில் டீ டம்ளரைப் பிடிக்க அமலதாஸின் வலது கை வரவில்லை. வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். மருந்து ஏற்றி முடித்த பிறகு டாக்டரம்மா அவர் மனைவி ரெஜினாவிடம், "தூங்கும்போது குறட்டை விடுவாரா?" என்று கேட்டார். கை விழுந்த மனிதருக்குக் குறட்டையைப் பற்றி என்ன கேள்வி என்று அவளுக்கு விளங்கவில்லை.

"தெருவுக்கே கேக்கும் டாக்டர். ஆனா நடுநடுவுல அப்படியே நின்னுரும். அந்நேரந்தான் நானும் கண்ணசருவேன்."

"அப்ப நிக்கிறது குறட்டை மட்டும் இல்லம்மா, மூச்சும் நிக்குது. வருஷக்கணக்கா இப்படி நின்னா பிரஷர் ஏறும், மூளைக்குப் போற ரத்தக்குழாய் கெட்டுப்போகும். அவருக்கு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

மத்தியானம் அமலதாஸ் தூங்கினார். இத்தனை வருஷமாகக் காதால் கேட்டதை ரெஜினா முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தாள். குறட்டை ஏறி ஏறி, சட்டென்று நின்றது. பக்கத்துக் கட்டில்காரர் நிம்மதியாகப் புரண்டு படுத்தார். அமலதாஸின் வயிறு மட்டும் எக்கி எக்கி இழுத்தது. மூக்கருகே அவள் வைத்த விரலில் காற்றே படவில்லை. தன்னையறியாமல் அவளும் மூச்சை அடக்கியிருந்தாள். தாங்க முடியாமல் தோளை உலுக்கப் போனபோது, முங்கி எழுந்தவரைப் போல அவர் மூச்சை இழுத்துக் கண் விழித்தார்.

"எங்க போயிட்டு வந்தீங்க?"

"நான் எங்க தூங்குனேன்?" என்றார் கோணிய வாயால். "இப்பதான கண்ண மூடுனேன்."

அவர் கண்கள் மறுபடி செருகின. ரெஜினா விரலை எடுக்கவில்லை.