கை நீட்டினால் சீட்டுக் கிழியும்

அமராவதியின் உதட்டில் வழிந்த ரத்தத்தைச் சொர்ணவல்லி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். மேஸ்திரி பெரியகருப்பன் அத்தனை பேர் முன்னாலும் அறைந்திருந்தான். உடைத்த பருப்பில் கடலைத் தோல் கிடந்ததாம், அதற்கு.

இலுப்பூர்ப் பக்கத்துக் கடலை மில்லில் அடி ஒன்றும் புதிதில்லை. ஆனால் திருச்சியிலிருந்து வந்த புது மானேஜர் போன வாரம்தான் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசியிருந்தார். சட்டம் வந்துவிட்டது, ஆள்மேல் கை நீட்டுகிறவன் எந்தக் கொம்பனாக இருந்தாலும் அன்றைக்கே சீட்டுக் கிழியும் என்று.

அதை நம்பித்தான் அமராவதி எழுந்தாள். கூட வேலை பார்த்த பெண்களும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தார்கள்.

"கடைசி வரைக்கும் ஒன் பக்கம் நிப்பேன்டி" என்று சொர்ணவல்லி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

தன் அறைக்கு வந்து நின்றவர்களிடம் யார் அடித்தது என்று மானேஜர் கேட்டார். கதவோரம் நின்றவனை அமராவதி கை காட்டினாள். பேரைச் சொல்லச் சொன்னார்; அவள் வாயைத் திறக்கவில்லை. கிழிந்த உதட்டோடு என்னத்தைப் பேசுவாள் பாவம் என்று அவரே எழுதிக்கொண்டார்.

உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது.

"மில்லுக்குள்ளயாவது அடி வாங்காம வேலை பாக்கணுங்க. அது போதும்."

பார்த்தோம் என்று பெண்கள் அத்தனை பேரும் சாட்சி சொன்னார்கள். பெரியகருப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மானேஜர் உத்தரவு எழுத உட்கார்ந்தார். அமராவதிக்கு அப்போதுதான் மூச்சே ஒழுங்காக வந்தது.

சொர்ணவல்லி மேஜையருகே போனாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மானேஜர் காதில் ஏதோ சொன்னாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பாள், பாவி.

மானேஜர் பேனாவை மூடினார். அத்தனை கோபமும் போன இடம் தெரியவில்லை. சிரிப்பு வேறு வந்தது.

அமராவதி திரும்பிப் பார்த்தாள். பெண்களில் ஒருத்தியும் தலை நிமிரவில்லை. பெரியகருப்பன்தான் மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தான்.

"அட, கட்டின புருஷன்தானா? போம்மா, போய் வேலையைப் பாரு."