பன்னிரண்டாம் நம்பர் சட்டை

"விரல எடுங்கய்யா. எழுத்து மறையுது" என்றாள் செல்லம்.

தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி சுப்பிரமணியம் திடுக்கிட்டுக் கட்டைவிரலை நகர்த்தினார். விரித்த இங்கிலீஷ் பேப்பரின் அடியில் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை. பாங்காக்கில் நடக்கும் கூடைப்பந்துப் போட்டியில் மலேசியக் குழுவின் கணக்கு அது. முதலில் சட்டை நம்பர், பிறகு பெயர், கடைசியில் ஆள் போட்ட புள்ளி.

மூன்று மாதமாக நெஞ்சுச் சளியோடு கட்டிலில் கிடக்கும் செல்லத்தின் புருஷன் நாகப்பன் தலையை மட்டும் திருப்பினார். அந்த அட்டவணையில் அவருக்கு ஒரே ஒரு வரிதான் வேண்டும், மகன் கருப்பையாவின் வரி. ரிங்லெட் ஊர்ச் சீனப் பள்ளித் திடலில் பந்து பொறுக்கிப் போட்டே ஆட்டம் பழகி, போலீசில் சேர்ந்து, இன்று நாட்டுக்காக ஆடப் போயிருக்கிற பிள்ளை. சுவரில் இருந்த போட்டோவில் பன்னிரண்டாம் நம்பர் சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஜப்பான்காரனோட ஆட்டம்..." கிராணி தொண்டையைச் செருமினார். "நம்ம கருப்பையா... வந்து... ஆறு புள்ளி."

"ஆறுதானா?" நாகப்பனின் முகம் வாடிப்போனது. "மொத ஆட்டத்துல பதினொண்ணு. நேத்து ஒம்பது. என்னா இப்படி எறங்கிக்கிட்டே வர்றான்?"

"பேப்பர்ல இருக்கறதத்தான் நான் படிக்கிறேன் லா, நாகப்பா."

செல்லம் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்று கிராணியையே பார்த்தாள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் அவர் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் பார்வைதான் அது.

தோட்டத்தில் கிராணிக்கு 'ரெண்டு ராத்தல்' என்று பட்டப்பெயர். ஈரத்துக்கு ஒன்று, கூடைக்கு ஒன்று என்று எல்லார் கொழுந்திலும் இரண்டு ராத்தலைக் கழித்துவிட்டுத்தான் சீட்டில் எழுதுவார். வெயில் காய்கிற நாளிலும் அவர் கண்ணுக்கு மட்டும் ஈரம் தெரியும். மற்றப் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

செல்லம் போகமாட்டாள். "முள்ளு இருவத்தி நாலுல நிக்கிது, நீங்க இருவத்தி ரெண்டு எழுதறீங்க. கொறைக்காதீங்கய்யா" என்பாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவளுக்கு இத்தனை வாயா என்று கிராணிக்கு எரிச்சலாக வரும்.

கொழுந்தில் குறைக்கிறவர் பிள்ளையின் புள்ளியில் குறைக்கமாட்டாரா என்றுதான் யாருக்கும் தோன்றும். தோட்டத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் துரையும் இவரும்தான். துரையிடம் போய் யார் கேட்பது?

நாகப்பன் இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார். முதல் ஆட்டத்தன்று கிண்ணத்தைக் காலி செய்து இன்னும் கொண்டா என்று கேட்ட அதே மனிதர்தான். சாப்பிட்டால் தேறிவிடுவார், சாப்பாடு இறங்காவிட்டால் ஒரு வாரம் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கிராணி அவசரமாகப் பேப்பரை மடித்தார்.

"அத வெச்சிட்டுப் போங்கய்யா. வெறகெல்லாம் ஈரம், அடுப்புப் பத்த வைக்க ஆகும்" என்றாள் செல்லம். முந்தின இரண்டு நாளும் இதைச் சொல்லித்தான் பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கி முடியாது. ஆபீசுக்கு வேணும்." கிராணி பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

தேயிலைச் சரிவிலிருந்து பனி இறங்கி தொழிலாளர் லயத்தின் கூரைகளை மூடிக்கொண்டிருந்தது. படியிறங்கியவருக்குப் பின்னால் காலடி கேட்டது.

"கொஞ்சம் நில்லுங்கய்யா."

செல்லம் கதவைச் சாத்திவிட்டு, இடுப்புச் செருகலிலிருந்து இரண்டு துண்டுத் தாள்களை எடுத்தாள். அடுப்புக்கென்று வாங்கிய பேப்பர்கள் அடுப்புக்குப் போகவே இல்லை. அந்த அட்டவணைகளை மட்டும் கத்தரித்து வைத்திருந்தாள்.

கொழுந்துக் கறை ஏறிய விரலை முதல் தாளில் பன்னிரண்டு என்ற எண்ணின் மேல் வைத்தாள். அப்படியே நேராக வரியின் கடைசிவரை இழுத்தாள். பூஜ்யம். அடுத்த தாளிலும் பன்னிரண்டுக்கு நேரே பூஜ்யம்தான்.

"எழுத்துதான் எனக்குத் தெரியாது. நீங்க சீட்டுல எழுதறதப் பாத்துப் பாத்து நம்பரு கத்துக்கிட்டேன்."

கிராணி பேப்பரை இன்னும் இறுக்கிக்கொண்டார். கக்கத்தில் இருந்த பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று அவள் கேட்கக்கூட இல்லை.

"அவன ஆட எறக்கவே இல்ல, செல்லம். மூணு ஆட்டமும் ஓரமா ஒக்கார வெச்சிட்டாங்க" என்றார் மெல்ல. "மொத நாளு நாகப்பன் மொகத்தப் பாத்தேன், சொல்ல வாய் வரல. பதினொண்ணுன்னு வந்துடுச்சி. நீ பாக்கற பார்வைக்குப் பயந்துதான் இன்னிக்கி ஆறுல நிறுத்துனேன். தப்புதாம்மா. அவருகிட்ட மட்டும் சொல்லிடாத."

செல்லம் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே நாகப்பன் இருமுவது கேட்டது. அவர் குடிக்காமல் வைத்த கஞ்சி இந்நேரம் ஆறிப்போயிருக்கும்.

இரண்டு தாள்களையும் நாலாக மடித்துக் கிராணியின் கையில் திணித்தாள்.

"இது வீட்டுல இருக்க வேணாம். இனிமே விரல வெச்சு மறைக்காம, திக்காமப் படிங்க. அவருக்குச் சந்தேகம் வந்துடும்."

கிராணி தாள்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கதவைத் திறக்கப் போனவள் திரும்பினாள்.

"நாளைக்குக் கடைசி ஆட்டம். இருவதுக்குக் கொறைக்காதீங்கய்யா."