வேலப்பன் வெளிநடப்பு

பால்கனி வாளியில் காய்கறிக் கழிவைத் தின்று உரமாக்கும் மண்புழுக்களில் வேலப்பனுக்குத்தான் வாய் நீளம். அன்று வீட்டுக்காரம்மா ஜூஸ் பிழிந்த எலுமிச்சைத் தோலை அப்படியே கொட்டிவிட்டாள். வேலப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மானமுள்ளவன் இதைத் தின்னுவானா? நான் கிளம்புறேன்!" என்று முழங்கிவிட்டு, மூடியிலிருந்த துளை வழியாகத் தலையை நீட்டினான்.

எதிரே ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. "வாங்கண்ணே, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியா வந்துட்டீங்க" என்றது.

வேலப்பன் சறுக்கிக்கொண்டு உள்ளே விழுந்தான்.

"என்னண்ணே, போகலையா?" என்று கேட்டாள் பக்கத்துப் புழு செங்கம்மா.

"போயிருக்கலாம்தான். வெளியே எனக்கு அவ்வளவு மரியாதை, விருந்துக்கே கூப்பிட்டாங்க" என்று ஆரம்பித்தவனுக்குத் தன் பேச்சைக் கேட்டுத் தனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"விருந்தே நான்தானாம். கொஞ்சம் நகர்ந்து உட்காரும்மா."